பெட்ரோல் வரியும் ஊராரின் ரெயிலும்

தம் ஊர் வழியே ரெயில் வரவேண்டும் என்று விரும்பாத கிராமம் இல்லை. விளைபொருள் சந்தைக்குப் போவதற்கும், பிள்ளைகள் கல்லூரிக்குச் செல்வதற்கும், நோயாளிகள் நகரத்து மருத்துவமனையை அடைவதற்கும் குறைந்த கட்டணத்தில் உதவுவது ரெயிலே என்பதை யாவரும் அறிவர். ஆயின், அந்த ரெயிலை நாள்தோறும் ஓட்டுவதற்கு ஆகும் செலவில், டிக்கெட் கட்டணத்தால் ஈடுசெய்ய இயலாத பகுதியை யார் கொடுப்பது என்னும் கேள்வியை நாம் அதிகமாக எழுப்புவதில்லை. நம் நாட்டில் ரெயில்வே மத்திய அரசாங்கத்தின் பொறுப்பில் இருப்பதே அதற்குக் காரணம்.

முற்காலத்தில் எங்கும் இதே நிலைமை இருந்ததாகச் சொல்ல முடியாது. தஞ்சாவூர் ஜில்லா போர்டு, நிலவரியோடு சேர்த்து வசூலித்த ஒரு மேல்வரியைக் கொண்டு தானே ஒரு ரெயில் பாதையை அமைத்தது. மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டை வரை சென்ற அப்பாதை 1894-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது; 1903-ஆம் ஆண்டில் அறந்தாங்கி வரை நீண்டது. வண்டிகளை ஓட்டும் வேலையைத் தென்னிந்திய ரெயில்வே கம்பெனி ஏற்றுக்கொண்டது. பாதையின் உடைமை போர்டினுடையதாக இருந்தது. உழவர் செலுத்திய வரியே தண்டவாளமாயிற்று எனலாம். ஸ்தல ஸ்தாபனங்கள் ரெயிலுக்குத் துணை நிற்பது நமக்குப் புதிய செய்தியன்று என்பதற்கு இதுவே சான்று.

அந்த நாளில் வரி விதிப்பதற்கு முதன்மையான பொருள் நிலம். மோட்டார் வண்டிகள் பெருகிவிட்ட இக்காலத்தில் பெட்ரோலும் டீசலும் அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டுள்ளன. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வர்ஜீனியா என்னும் மாநிலத்தில் சில ஸ்தல ஸ்தாபனங்கள் பெட்ரோல் வரியின் வருமானத்தைக் கொண்டு ரெயிலை ஆதரித்து வருகின்றன. அவ்வரி பெருகியபோது அவை அடைந்த வசதியும், சுருங்கியபோது அடைந்த சங்கடமும், பொதுப் பணத்தைக் கையாளும் பஞ்சாயத்து உறுப்பினர் ஒவ்வொருவரும் அறிந்துகொள்ளத் தக்கவை. ஆதலின் அவ்வரலாற்றை இங்கு விளக்க முற்படுகிறோம்.

வர்ஜீனியாவின் ரெயில்

அமெரிக்காவின் தலைநகரமாகிய வாஷிங்டன், பொட்டோமாக் ஆற்றங்கரையில் உள்ளது. ஆற்றுக்குத் தெற்கே வர்ஜீனியா மாநிலம் விரிந்து கிடக்கிறது. அங்கே மாநிலத்துக்கு அடுத்த ஆட்சிப் பிரிவு ‘கவுன்டி’ எனப்படும். நம் மாவட்டத்தைவிடச் சிறியதும், பஞ்சாயத்து யூனியனைவிட அதிகாரம் மிக்கதும் ஆன ஓர் அமைப்பு என்று அதைக் கருதலாம். மக்கள் தேர்ந்தெடுத்த குழு ஒன்று அதை ஆள்கிறது. வீடு, மனை முதலிய சொத்துக்களின் மீதான வரியே அதன் முதல் வருமானம். பள்ளிக்கூடங்கள், காவல், தீயணைப்பு ஆகிய செலவுகளெல்லாம் பெரும்பாலும் அவ்வருமானத்தையே நம்பியுள்ளன. மாநிலச் சட்டசபை அனுமதித்த வரிகளைத் தவிர வேறு வரி விதிக்கும் உரிமை கவுன்டிக்கு இல்லை. இதில் அவர்களும் நம் பஞ்சாயத்துகளும் ஒரே நிலையில் இருப்பவர்களே.

தலைநகரத்தில் வேலை பார்ப்பவர்கள் இக்கவுன்டிகளில் குடியேறினர். காலையும் மாலையும் நெடுஞ்சாலைகள் மோட்டார்களால் நிரம்பி வழிந்தன. இந்நெருக்கடிக்குப் பரிகாரமாக 1992-ஆம் ஆண்டில் ‘வர்ஜீனியா ரெயில்வே எக்ஸ்பிரஸ்’ என்னும் ரெயில் தொடங்கப்பெற்றது. ஒரு மார்க்கம் மேற்கே மனாசஸ் பக்கம் செல்கிறது. மற்றொன்று தெற்கே சுமார் 50 மைல் தொலைவில் உள்ள பிரெடரிக்ஸ்பர்க் நகரத்தை நோக்கிச் செல்கிறது. காலையில் மக்களைத் தலைநகருக்குக் கொண்டு சேர்த்து, மாலையில் திரும்ப அழைத்து வருவதே இதன் முக்கியப் பணி. புதிதாகத் தண்டவாளம் போடாமல், சரக்கு ரெயில் கம்பெனிகளின் பாதைகளைப் பயன்படுத்தி இது தொடங்கப்பெற்றது.

இந்த ரெயிலுக்கு உடையவர் யார்? வடக்கு வர்ஜீனியப் போக்குவரத்து ஆணையம், பொட்டோமாக்–ராப்பஹானக் போக்குவரத்து ஆணையம் என்னும் இரண்டு அமைப்புக்கள் சேர்ந்து இதனை உடைமையாகக் கொண்டுள்ளன. முன்னது 1964-இலும் பின்னது 1986-இலும் ஏற்பட்டவை. அண்டையிலுள்ள கவுன்டிகளும் நகரங்களுமே அவற்றின் உறுப்பினர்கள். பல பஞ்சாயத்து யூனியன்கள் ஒன்று கூடி ஒரு பொதுக் காரியத்தை நடத்துவதை ஒத்தது இந்த ஏற்பாடு.

ரெயிலின் செலவுக்குப் பணம் நான்கு வழிகளில் வருகிறது. பயணிகள் தரும் கட்டணம் ஒன்று. மத்திய அரசாங்கத்தின் உதவி மற்றொன்று. மாநிலத்தின் உதவி மூன்றாவது. இவற்றுக்கு மேல் எஞ்சும் பற்றாக்குறையை ஸ்தல ஸ்தாபனங்கள் மானியமாகத் தருவது நான்காவது. எந்தக் கவுன்டி எவ்வளவு தரவேண்டும் என்பதை, பயணிகள் எந்தெந்த ஊரிலிருந்து வருகின்றனர் என்று கணக்கெடுத்து, அதனை ஆதாரமாகக் கொண்டு தீர்மானிக்கின்றனர். இந்த நான்காவது பகுதியைச் செலுத்துவதற்குத்தான் பெட்ரோல் வரி கைகொடுக்கிறது.

பெட்ரோல் வரி ரெயிலுக்கு வந்த விதம்

அமெரிக்காவில் பெட்ரோலின் மீது முதன்முதல் வரி விதித்த மாநிலம் ஆரிகன், ஆண்டு 1919. காலனுக்கு ஒரு சென்ட் என்பது அதன் அளவு. மத்திய அரசாங்கம் 1932-இல் தானும் ஒரு சென்ட் விதித்தது. 1956-இல் நாடெங்கும் பெரு நெடுஞ்சாலைகள் அமைக்கும் திட்டம் வந்தபோது அவ்வரி 3 சென்ட்டாக உயர்ந்து, நெடுஞ்சாலை நிதி ஒன்றில் சேர்க்கப்பெற்றது. பெட்ரோல் போடுகிறவன் சாலையில் போகிறவன். ஆகவே அவன் தரும் பணம் சாலைக்கே உரியது என்பது அந்நாளைய கொள்கை.

நாளடைவில் இக்கொள்கை சிறிது தளர்ந்தது. சாலையில் செல்லும் ஆயிரம் மோட்டார்களில் இருநூறு மோட்டார்களின் சொந்தக்காரர்கள் ரெயிலில் ஏறிவிட்டால், எஞ்சிய எண்ணூறு பேருக்கும் சாலை எளிதாகிறது. ஆகவே ரெயிலுக்குத் தரும் பணம் சாலைக்காரனுக்கும் பயன்படுகிறது என்னும் வாதம் வலுப்பெற்றது. 1982-இல் இயற்றிய ஒரு சட்டத்தால் மத்திய வரி 4 சென்ட்டிலிருந்து 9 சென்ட்டாக உயர்ந்தபோது, அதில் ஒரு சென்ட் பொதுப் போக்குவரத்துக்கென ஒதுக்கப்பெற்றது. 1993 முதல் மத்திய வரி காலனுக்கு 18.4 சென்ட்டாக இருந்து வருகிறது, அதில் 2.86 சென்ட் பொதுப் போக்குவரத்துக் கணக்கில் சேர்கிறது.

வர்ஜீனியா இன்னும் ஒருபடி முன்னே சென்றது. மேற்சொன்ன ஆணையங்களில் சேர்ந்த கவுன்டிகளிலும் நகரங்களிலும் விற்கும் பெட்ரோலின் சில்லறை விலையில் நூற்றுக்கு 2 வீதம் தனி வரி விதிக்கச் சட்டசபை அனுமதித்தது. 2010-ஆம் ஆண்டு ஜனவரி முதல் அது மொத்த விலையில் நூற்றுக்கு 2.1 என மாற்றப்பெற்றது. ஒவ்வொரு கவுன்டியிலும் வசூலாகும் தொகை அக்கவுன்டியின் பெயரிலேயே கணக்கில் வைக்கப்படும். அதிலிருந்து ரெயிலுக்குரிய மானியம் செலுத்தப்படும்.

இங்கே வாசகர்கள் ஒன்றை ஊன்றிக் கவனித்தல் வேண்டும். மத்திய அரசாங்கத்தின் வரி, காலனுக்கு இத்தனை சென்ட் என்னும் அளவு வரி. இக்கவுன்டிகளின் வரியோ விலையில் நூற்றுக்கு இத்தனை என்னும் வீத வரி. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடே பின்னர் நேர்ந்தவற்றுக்கெல்லாம் மூலகாரணமாயிற்று.

சேரலாமா வேண்டாமா?

பிரெடரிக்ஸ்பர்க் நகரத்தை அடுத்துள்ளது ஸ்பாட்சில்வேனியா கவுன்டி. ரெயில் தொடங்கியபோது இக்கவுன்டி ஆணையத்தில் சேரவில்லை. ஆயினும் அதன் குடிகள் அண்டை ஊர் நிலையங்களுக்குச் சென்று ரெயில் ஏறி வந்தனர். அவர்கள் கட்டணம் கொடுத்தனர் என்பது மெய்யே. ஆனால் கட்டணத்தால் ஈடாகாத பற்றாக்குறையில் அவர்களுக்குரிய பங்கை ஏற்பதற்கு அவர்களுடைய கவுன்டி முன்வராமையால், அச்சுமையை மற்ற ஊர்கள் சுமக்கலாயின. பொதுக் கிணற்றில் எல்லோரும் நீர் இறைக்க, தூர் வாருவதற்கு மட்டும் சிலர் வராமல் இருப்பதைப் போன்றது இது.

சேருவதற்குத் தடையாக இருந்தவை எவை? ஆணையத்தில் சேர்ந்தால் பெட்ரோல் வரியும் கூடவே வரும். ரெயிலில் ஏறாத உழவரும் கடைக்காரரும் அவ்வரியைச் செலுத்த நேரும். கவுன்டி எல்லைக்கு அப்பால் பெட்ரோல் சற்று மலிவாக இருந்தால் வியாபாரம் அங்கே போய்விடும் என்ற அச்சமும் இத்தகைய வரியால் இயல்பாக எழக்கூடியதே. மறு பக்கத்தில், அக்கவுன்டியை ஊடறுத்துப் பெரிய நெடுஞ்சாலை ஒன்று செல்கிறது. வெளி மாநிலங்களுக்குப் போவோரும் அங்கே பெட்ரோல் போட்டுக்கொள்கின்றனர். ஆதலின் வரியின் ஒரு பகுதியை வெளியூரார் தருவர். ரெயில் மானியம் போக மிகும் தொகையைச் சாலை வேலைகளுக்குச் செலவிடவும் இடமிருந்தது.

இவ்விரு பக்கத்தையும் சீர்தூக்கிப் பார்த்துக் கவுன்டி 2010-ஆம் ஆண்டில் ஆணையத்தில் சேர்ந்தது. 2015-இல் அங்கே தனி ரெயில் நிலையமும் திறக்கப்பெற்றது. பொதுக் காரியத்தில் பங்கு பெறுவோர் செலவிலும் பங்கு ஏற்கவேண்டும் என்னும் நீதி இவ்வாறு நிலைபெற்றது. ஆனால் ‘மிகும் தொகை’ என்று எதிர்பார்த்தது எப்போதும் மிகுந்துகொண்டே இருக்குமா என்னும் வினாவுக்கு உலகச் சந்தை விடை கூறிற்று.

விலை இறங்கியபோது

2008-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் கச்சா எண்ணெய் ஒரு பீப்பாய் ஏறத்தாழ 147 டாலர் வரை விற்றது. அதே ஆண்டு டிசம்பரில் 40 டாலருக்கும் கீழே இறங்கிற்று. மறுபடியும் ஏறி, 2014-இன் நடுவில் 100 டாலருக்கு மேல் நின்ற விலை, 2016-இன் தொடக்கத்தில் 30 டாலருக்கும் கீழே வீழ்ந்தது. விலை வீழ்ந்தபோது மோட்டார் வைத்திருப்போர் மகிழ்ந்தனர். வீத வரியை நம்பியிருந்த கவுன்டிகளோ கலங்கின.

ஏன் என்பதை ஒரு கணக்கினால் விளக்குவோம். ஒரு கவுன்டியில் ஆண்டுக்கு 5 கோடி காலன் பெட்ரோல் விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்த விலை காலனுக்கு 3 டாலர் எனில், மொத்த மதிப்பு 15 கோடி டாலர், நூற்றுக்கு 2.1 வீதம் வரி 31 லட்சத்து 50 ஆயிரம் டாலர். ரெயிலுக்கு அக்கவுன்டி தரவேண்டிய மானியம் 25 லட்சம் டாலர் எனில், 6 லட்சத்து 50 ஆயிரம் டாலர் மிச்சம். அதைக் கொண்டு ஒரு சாலையைச் செப்பனிடலாம். பாலம் ஒன்றைக் கட்டத் தொடங்கலாம்.

இப்போது விலை ஒன்றரை டாலராக இறங்குகிறது என்று கொள்வோம். மக்கள் வாங்கும் பெட்ரோல் குறையவில்லை. 5 கோடி காலன் அப்படியே விற்கிறது. ஆயினும் வரி 15 லட்சத்து 75 ஆயிரம் டாலராகப் பாதியாகிவிடுகிறது. மானியமோ அதே 25 லட்சம்தான். ஏனெனில் ரெயிலின் சம்பளச் செலவும், பாதைக்குத் தரவேண்டிய கட்டணமும், காப்பீட்டுச் செலவும் பெட்ரோல் விலையோடு சேர்ந்து இறங்குவதில்லை. ஆகவே 9 லட்சத்து 25 ஆயிரம் டாலர் துண்டு விழுகிறது. கையிருப்பு இருந்தால் அதை எடுக்கலாம். இல்லையேல் சொத்து வரியில் கைவைக்க வேண்டும். அதாவது பள்ளிக்கூடத்துக்கும் தீயணைப்புக்கும் உரிய பணத்திலிருந்து ரெயிலுக்குக் கொடுக்க வேண்டும். அதுவும் இயலாவிடில் ரெயில் கட்டணத்தை உயர்த்தவேண்டும். அல்லது வண்டிகளைக் குறைக்கவேண்டும். இந்த வழிகளில் எதுவும் எளிதானதன்று என்பதைக் கூறவேண்டுவதில்லை.

இதில் மற்றுமொரு சிக்கல் உண்டு. பெட்ரோல் விலை உயரும்போது மக்கள் மோட்டாரை வீட்டில் விட்டு ரெயிலை நாடுகின்றனர். 2008-இல் அமெரிக்காவில் பெட்ரோல் காலனுக்கு 4 டாலரைத் தாண்டியபோது, நாடு முழுவதிலும் பொதுப் போக்குவரத்தில் நிகழ்ந்த பயணங்கள் ஐம்பது ஆண்டுகளில் காணாத அளவுக்கு உயர்ந்தன. அந்நாளில் கட்டண வருமானமும் பெருகும். வரி வருமானமும் பெருகும். விலை இறங்கும்போது சிலர் மீண்டும் மோட்டாருக்குத் திரும்புகின்றனர். அப்போது கட்டணமும் குறையும், வரியும் குறையும். நல்ல மழை பெய்த ஆண்டில் ஏரியும் நிரம்பிக் கிணறும் ஊறுகிறது. வறண்ட ஆண்டில் இரண்டும் ஒருசேர வற்றுகின்றன. உதவி எப்போது மிகவும் தேவையோ அப்போதே அது கிட்டாமற் போவது இத்தகைய வரியின் இயல்பு.

சட்டத்தில் செய்த திருத்தம்

வர்ஜீனியா மாநில அரசாங்கம் தன் பங்குக்கு முன்யோசனையோடு நடந்துகொண்டது. 2013-இல் அது, காலனுக்கு 17.5 சென்ட் என்றிருந்த தன் அளவு வரியை நீக்கிவிட்டு வீத வரியைக் கொண்டுவந்தது. அப்போதே, விலை எவ்வளவு இறங்கினாலும் 2013 பிப்ரவரி 20-ஆம் நாளின் சராசரி மொத்த விலைக்குக் குறைவாகக் கொண்டு வரி கணக்கிடக் கூடாது என்று ஓர் அடிமட்டத்தையும் சட்டத்திலேயே எழுதி வைத்தது. ஆனால் கவுன்டிகளின் 2.1 வீத வரிக்கு அத்தகைய பாதுகாப்பு அளிக்கப்படவில்லை. மேலே இருப்பவர் குடை பிடித்துக்கொள்ள, கீழே இருப்பவர் நனைய நேர்ந்தது.

2018-இல்தான் கவுன்டிகளின் வரிக்கும் அதே அடிமட்டம் கிடைத்தது. அதோடு, இவ்வரியிலிருந்து ஆண்டுதோறும் 1 கோடியே 50 லட்சம் டாலரை முதலில் எடுத்து, ரெயிலுக்கெனத் தனி நிதியாக வைப்பதற்கும் சட்டம் வகை செய்தது. எஞ்சியதைக் கொடுப்பது என்ற முறை மாறி, முதலில் எடுத்து வைப்பது என்ற முறை வந்தது. நீண்ட கால வேலைகளைத் திட்டமிடுவோருக்கு இது பெரும் உதவி என்பதில் ஐயமில்லை.

பின்னர் 2020 ஜூலை முதல் வீத வரியே கைவிடப்பெற்றது. பெட்ரோலுக்குக் காலனுக்கு 7.6 சென்ட் என்று அளவு வரி விதிக்கப்பெற்றது. வாழ்க்கைச் செலவுக் குறியீட்டெண் உயர்வதற்கு ஏற்ப ஆண்டுதோறும் அவ்வளவு மாற்றியமைக்கப்படும் என்பதும் ஏற்பாடு. இதனால் எண்ணெய்ச் சந்தையின் ஏற்றத் தாழ்விலிருந்து ரெயிலுக்கு விடுதலை கிடைத்தது எனலாம்.

அளவு வரிக்கும் குறை உண்டு

இதைக் கொண்டு அளவு வரியே குறையற்றது என்று நாம் முடிவு கட்டிவிடலாகாது. மத்திய அரசாங்கத்தின் 18.4 சென்ட் 1993-இலிருந்து மாறாமல் நிற்கிறது. இதற்கிடையே இரும்பின் விலையும் சிமெண்டின் விலையும் கூலியும் பன்மடங்கு உயர்ந்துவிட்டன. ஒரே தொகை ஆண்டுக்கு ஆண்டு குறைந்த வேலையையே செய்கிறது. 2008 முதல் நெடுஞ்சாலை நிதியின் துண்டை அடைக்கப் பொதுக் கஜானாவிலிருந்து பலமுறை பணம் மாற்ற நேர்ந்தது. விலைவாசிக்கு ஏற்ப மாறாத அளவு வரி, உப்பு மூட்டையை ஈரத்தில் வைத்ததுபோல் கண்ணுக்குத் தெரியாமலே கரைகிறது.

மற்றொரு குறை இன்னும் ஆழமானது. புதிய மோட்டார்கள் குறைந்த பெட்ரோலில் அதிகத் தூரம் ஓடுகின்றன. மின்சார மோட்டார்களுக்குப் பெட்ரோலே வேண்டுவதில்லை. விற்பனை நூற்றுக்குப் பத்துக் குறைந்தால் அளவு வரியும் நூற்றுக்குப் பத்துக் குறையும். இதை எண்ணியே வர்ஜீனியா 2020-இல், எரிபொருள் சிக்கனமுள்ள வண்டிகளுக்கும் மின்சார வண்டிகளுக்கும் சாலைப் பயன்பாட்டுக் கட்டணம் ஒன்றைப் புதிதாக ஏற்படுத்தியது.

அதே 2020-ஆம் ஆண்டில் கொள்ளை நோய் பரவியது. நாளொன்றுக்குச் சுமார் 18,000 பயணங்களைக் கண்ட ரெயிலில், பயணிகள் மிகச் சிறு தொகையினராயினர். பலர் வீட்டிலிருந்தே அலுவல் பார்க்கத் தொடங்கினர். மத்திய அரசாங்கத்தின் அவசர உதவியே அப்போது ரெயிலைத் தாங்கிற்று. கட்டணம், வரி, உதவி என்னும் கால்களில் ஒன்று ஒடியும்போது மற்றவை தாங்குமாறு அமைப்பதே அறிவுடைமை என்பதை அந்த அனுபவம் காட்டிற்று.

நம் நாட்டு ஏற்பாடு

நம் நாட்டிலும் பெட்ரோல் வரிக்கும் சாலைக்கும் உள்ள தொடர்பு நெடுநாளையது. 1927-இல் அமைந்த ஜெயகர் கமிட்டியின் யோசனைப்படி, 1929-இல் பெட்ரோலின் மீது காலனுக்கு 2 அணா மிகுதியாக விதித்து மத்திய சாலை நிதி தொடங்கப்பெற்றது. அந்நிதிக்கு 2000-ஆம் ஆண்டில் தனிச் சட்டம் இயற்றப்பெற்றது. அச்சட்டம் முதலில் வகுத்த பங்கீட்டின்படி, டீசல் மீதான மேல்வரியில் பாதி கிராமச் சாலைகளுக்கு உரியது. மீதிப் பாதியையும் பெட்ரோல் மேல்வரி முழுவதையும் சேர்த்த தொகையில், நூற்றுக்கு 57.5 தேசிய நெடுஞ்சாலைகளுக்கும், 30 மாநிலச் சாலைகளுக்கும், 12.5 ரெயில்வேக்கும் வகுக்கப்பெற்றன. ரெயில்வேயின் பங்கு, பாதையின் குறுக்கே மேம்பாலமும் கீழ்ப்பாலமும் கட்டுவதற்கும், ஆளில்லாக் கடவுகளில் பாதுகாப்பு ஏற்படுத்துவதற்கும் உரியதாகும். கிராமத்தார் உயிரிழக்க ஏதுவாயிருந்த ஆளில்லாக் கடவுகள், அகல ரெயில் பாதைகளில் 2019 ஜனவரிக்குள் முற்றிலும் ஒழிக்கப்பெற்றன. 2018-இல் இந்நிதி, சாலை மற்றும் உட்கட்டமைப்பு நிதி எனப் பெயரும் நோக்கமும் விரிவு பெற்றது.

வீத வரியா, அளவு வரியா என்னும் கேள்வி தமிழ்நாட்டிலும் எழுந்ததே. பெட்ரோலுக்கு நூற்றுக்கு 34, டீசலுக்கு நூற்றுக்கு 25 என்றிருந்த வரியை நம் மாநிலம் 2020 மே மாதத்தில் மாற்றியது. பெட்ரோலுக்கு நூற்றுக்கு 15 வீதத்தோடு லிட்டருக்கு 13 ரூபாய் 2 காசும், டீசலுக்கு நூற்றுக்கு 11 வீதத்தோடு லிட்டருக்கு 9 ரூபாய் 62 காசும் விதிக்கப்பெற்றன. உலகச் சந்தையில் விலை வீழ்ந்திருந்த காலம் அது. வீதமும் அளவும் கலந்த இவ்வரியில், விலை இறங்கினாலும் வருமானத்தின் ஒரு பகுதி இறங்காமல் நிற்கும். வர்ஜீனியாவுக்கு ஏற்பட்ட நெருக்கடிக்கும் நமக்கு ஏற்பட்ட நெருக்கடிக்கும் காரணம் ஒன்றே என்பதை இதனால் அறியலாம்.

பஞ்சாயத்துகள் கொள்ளவேண்டிய படிப்பினை

நம் பஞ்சாயத்துகளுக்குப் பெட்ரோலின் மீது வரி விதிக்கும் அதிகாரம் இல்லை. ரெயிலுக்கு மானியம் தரும் கடமையும் இல்லை. அங்ஙனமாயின் இவ்வரலாறு நமக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். ஏறி இறங்கும் வருமானம் நம் பஞ்சாயத்துகளுக்கும் உண்டு என்பதே நம் விடை. நிலம் கைமாறும்போது வரும் முத்திரைத் தீர்வை மேல்வரி, மனை விற்பனை சூடு பிடித்த ஆண்டில் பெருகும்; அடுத்த ஆண்டில் குறையும். கல், மண், சரளை எடுப்பதால் வரும் கனிமத் தொகை, அண்டையில் பெரிய கட்டட வேலை நடக்கும்வரை வரும். வேலை முடிந்ததும் நின்றுவிடும். வீட்டு வரியோ அவ்வாறன்று. சிறிய தொகையாயினும் ஆண்டுதோறும் தவறாமல் வரக்கூடியது.

ஆகவே வரவு செலவுத் திட்டம் தயாரிக்கும்போது உறுப்பினர்கள் நான்கு செய்திகளை மனத்திற் கொள்ளுதல் நலம். முதலாவது, ஒவ்வொரு வருமானமும் எதைச் சார்ந்து வருகிறது, விலையைச் சார்ந்தா, அளவைச் சார்ந்தா என்று தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டாவது, மாதந்தோறும் தவறாமல் செய்யவேண்டிய செலவுகளை, அதாவது குடிநீர்த் தொட்டி இயக்குவோரின் சம்பளம், தெருவிளக்கு மின் கட்டணம், துப்புரவு ஆகியவற்றை நிலையான வருமானத்திலிருந்தே செய்யவேண்டும். ஏறி இறங்கும் வருமானத்தை ஒருமுறை செய்து முடிக்கும் வேலைகளுக்குப் பயன்படுத்த வேண்டும். மூன்றாவது, பெருகிய ஆண்டில் வந்ததில் ஒரு பங்கை, விதிகள் இடம் தரும் அளவுக்கு, கையிருப்பாக வைத்துச் சுருங்கிய ஆண்டுக்குக் காக்கவேண்டும். நான்காவது, அண்டைப் பஞ்சாயத்துகளோடு சேர்ந்து செய்யும் காரியங்களில், யார் எவ்வளவு பயன் பெறுகிறார், யார் எவ்வளவு தரவேண்டும் என்னும் கணக்கை முதலிலேயே எழுத்தில் முடிவு செய்துகொள்ள வேண்டும். கூட்டுக் குடிநீர்த் திட்டமாயினும், இரு ஊருக்கும் பொதுவான சாலையாயினும், இக்கணக்கு தெளிவாக இருந்தால் மனக்கசப்புக்கு இடமிராது.

மாயவரத்திலிருந்து அறந்தாங்கி வரை பாதை அமைத்த முன்னோருக்கு நிலவரியின் மேல்வரி பக்கபலமாக நின்றது. நிலவரி மழையைப் பொறுத்து ஓரளவு மாறினும், எண்ணெய்ச் சந்தையைப்போல் ஒரே ஆண்டில் பாதியாகிவிடுவதில்லை. வர்ஜீனியாவின் கவுன்டிகள் இருபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட அனுபவத்துக்குப் பிறகே தங்கள் ரெயிலுக்கு உறுதியான ஆதாரத்தைத் தேடிக்கொண்டன. ஒரு நற்பணியைத் தொடங்குவதற்கு ஆர்வம் போதும். அதைத் தொடர்ந்து நடத்துவதற்கோ வருமானத்தின் இயல்பை அறிந்த கணக்கு வேண்டும். அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் வரவு செலவுக் கணக்கு படிக்கப்படும்போது, எந்த வருமானம் அடுத்த ஆண்டும் இதே அளவில் வரும், எது வராமற் போகலாம் என்று ஒருவரேனும் எழுந்து கேட்பாராயின், இக்கட்டுரையின் நோக்கம் நிறைவேறியதாகக் கொள்வோம்.